சுடுமண்ணும் அழகிய பொறுமையும்: ஃபுரெயா கோரலின் கலை குறித்து

மனிதப் படைப்பைப் பற்றிப் பேசுமிடத்தில் திருக்குர்ஆன் சுடுமண்ணை உவமையாக்குகிறது. அர்-ரஹ்மான் அத்தியாயத்தை ஓதி வரும் எவரும் இதனை அறிவர். ஆதலின் மண்ணைப் பிசைந்து, வனைந்து, தீயிலிட்டு, அதன் வழியே மனிதன் தன் வாழ்வைப் பேச முற்படுவது நமக்கு அந்நியமானதன்று. ஆயினும், 'தனிமனித அனுபவத்தின் வெளிப்பாடு' என்னும் தொடர் இன்றைய கலைத் திறனாய்வில் மலிந்து தேய்ந்து போயிருக்கிறது. கலைஞர் பட்ட துன்பத்தை முதலில் அறிந்துகொள்வது, பின்னர் அவருடைய படைப்பில் அத்துன்பத்தின் தழும்பைத் தேடுவது என்பதே திறனாய்வாகிவிட்டது. துருக்கியின் நவீன சுடுமண் கலைக்கு வழிகோலியவர்களுள் முதன்மையானவரான ஃபுரெயா கோரலை (1910–1997) முன்வைத்து, இப்போக்கு எங்கே தவறுகிறது என்பதை நாம் இங்கு நோக்குவோம்.

தழும்பு தேடுவோருக்கு ஃபுரெயாவின் வாழ்க்கை வேண்டிய அளவு தீனி தரும். இஸ்தான்பூலை அடுத்த பூயுக்கடா தீவில், உஸ்மானியப் பேரரசின் உயர்குடியான ஷாகிர் பாஷாவின் குடும்பத்தில் அவர் பிறந்தார். 1914இல் பாட்டனார் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். அதன் பொருட்டுத் தண்டனை பெற்றவர் பாட்டனாரின் சொந்த மகன் ஜவாத் ஷாகிர். பின்னாளில் துருக்கிய இலக்கியத்தில் 'ஹாலிகர்னாஸ் மீனவர்' என்ற புனைபெயரால் புகழ்பெற்றவர் இவரே. பேரரசு மறைந்தது, குடும்பத்தின் செல்வமும் கரைந்தது. 1940களின் பிற்பகுதியில் ஃபுரெயாவைக் காசநோய் பற்றியது. சுவிட்சர்லாந்தின் லெய்சின் மலையூரிலிருந்த காசநோய் மருத்துவமனையில் நெடுநாள் படுத்திருந்தார். தாயின் தங்கையும் புகழ்பெற்ற ஓவியருமான ஃபஹ்ருன்னிஸா ஸைத் அவருக்குக் கலைப் பொருட்களைத் தந்து ஊக்கினார். கல்லச்சு ஓவியத்திலும் களிமண்ணிலும் ஃபுரெயாவின் கை முதன்முதலில் பழகியது அந்த நோய்க்காலத்தில்தான். அப்போது அவர் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். 1951இல் பாரிஸில் முதல் கண்காட்சி நடந்தது. பின்னர் இஸ்தான்பூலில் தமக்கெனச் சூளையும் பணிக்கூடமும் அமைத்து, வாழ்நாளின் எஞ்சிய பகுதி முழுவதையும் மண்ணுக்கே அளித்தார்.

இவ்வளவும் தெரிந்த பின் அவருடைய படைப்புகளுக்கு வருகிறோம். கொலையை அங்கே காணோம், நோய்ப்படுக்கையையும் காணோம். பறவைகள், மீன்கள், இலைகள், அருவ வடிவங்கள், வீடுகள், நடந்து செல்லும் மனிதர்கள் ஆகியவையே உள்ளன. அப்படியாயின், அவர் தம் அனுபவத்தை மறைத்தார் என்று கொள்வதா? அல்லது அனுபவம் வேறு ஏதோ வழியில் மண்ணுக்குள் புகுந்திருக்கிறதா?

இதற்கு விடை காண மண்ணின் இயல்பை அறிதல் வேண்டும். ஈரக் களிமண்ணைப்போல் மனிதக் கையின் அசைவை உடனுக்குடன் பதிவு செய்யும் ஊடகம் வேறு அரிது. விரல் ரேகைகூட அதில் நிற்கும். ஆனால், அந்தப் பதிவு அப்படியே கலையாகிவிடுவதில்லை. வனைந்த பொருள் மெல்ல உலர வேண்டும், அவசரப்பட்டால் விரியும். கனத்த சிற்பத்தின் உள்ளே ஈரம் தங்கியிருந்தால் சூளையில் ஆவி புறப்பட வழியின்றி வெடிக்கும். ஆகவேதான் பெரிய உருவங்களின் உட்புறத்தைக் குடைந்தெடுக்கிறார்கள். சாதாரணச் சுடுமண்ணும் ஏறத்தாழ 1000 பாகை வெப்பத்தைத் தாங்கியாக வேண்டும். உலர்வதிலும் சுடுவதிலும் பொருள் சுருங்குகிறது. பூசிய வண்ணமோ தீயில் வேறு வண்ணமாய் மாறி வருகிறது. கலைஞன் ஆத்திரத்தோடு அறைந்த மண்ணும் சூளையிலிருந்து வெளிவரும்போது அந்த ஆத்திரத்தைக் கடந்துதான் வருகிறது. இடையில் காத்திருப்பு ஒன்று உண்டு. அவன் ஆட்சிக்கு உட்படாத தீ ஒன்றும் உண்டு.

இங்கே நம் மரபு ஒரு சொல்லைத் தருகிறது: ஸப்ருன் ஜமீல், அழகிய பொறுமை. மகனைப் பிரிந்த நபி யஃகூப் (அலை) அவர்களின் வரலாற்றில் வரும் சொல் இது. துயரைப் படைப்பினங்களிடம் முறையிடாதிருப்பதே அழகிய பொறுமை என விரிவுரையாளர்கள் விளக்குவர். துயரே இல்லாமை அதன் பொருளன்று; அந்த நபி அழுது பார்வையையே இழந்தார்கள். துயர் இருக்கிறது, அது மெய்யானது, ஆனால் சந்தைக்கு வருவதில்லை. ஃபுரெயாவின் கலையை நாம் இச்சொல்லின் ஒளியில் வாசிக்க விரும்புகிறோம். அவர் இதை அறிந்து செய்தார் என்பது நம் வாதமன்று. புலம்பலுக்கும் ஊமைமைக்கும் இடையே ஒரு நிலை இருக்கிறது. மண் அந்நிலைக்கு இணங்கிய பொருள் என்பதே நம் வாதம்.

இஸ்லாமியக் கலை தனிமனிதக் குரலற்றது, பெயரற்ற கைவினைஞர்களின் கூட்டுப்படைப்பு என்றொரு கருத்தும் நிலவுகிறது. இது பாதி உண்மை. ஈரானின் காஷான் நகரத்து அபூஸைத் 12ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தம் பாண்டங்களில் பெயர் பொறித்தார். எழுதிய செய்யுள் தம்முடையதே என்றும் குறித்தார். காதலையும் பிரிவையும் பாடும் பாரசீகச் செய்யுட்கள் காஷான் பாண்டங்களின் விளிம்பைச் சுற்றி ஓடின. அதே அபூஸைத் 1215இல் மஷ்ஹதிலுள்ள இமாம் ரிளா அவர்களின் அடக்கத்தலத்துப் பொன்மெருகு ஓடுகளிலும் பணிபுரிந்தார். புனித இடத்தின் அடக்கமும் தனி நெஞ்சின் வேட்கையும் ஒரே கையில், ஒரே சூளையில் இணைந்திருந்தன. எனவே ஃபுரெயா பாரிஸில் கற்ற நவீனத்தை மட்டும் கொண்டு வந்தார் என்பது பொருந்தாது. ஊரின் பழைய ஓட்டுச் சுவர்களும் அவருக்குப் பின்னால் இருந்தன.

1960களில் அவர் பொதுக் கட்டடங்களுக்குப் பெரிய சுவர்ப் படைப்புகளைச் செய்தார். இஸ்தான்பூலின் துணி வணிகர் வளாகத்தில் உள்ளது அவற்றுள் ஒன்று. துணி வாங்க வருவோரும் சுமை தூக்குவோரும் கடந்து செல்லும் இடத்தில் கலையை வைத்த அந்த நோக்கம் பள்ளிவாசல் ஓடுகளின் மரபுக்கு உரியது. எனினும், அக்காலத்து அருவப் பாணியின் பொது மொழி சில இடங்களில் அவர் குரலை மேவிவிடுகிறது என்றே நாம் கருதுகிறோம். சுவர் பெரிதாகும்போது கையின் பதற்றம் குறைந்துவிடுகிறது.

முதுமையில் அவர் செய்த சிறிய படைப்புகளில் அந்தக் குரல் திரும்புகிறது. 'வீடுகள்', 'நடக்கும் மனிதர்கள்' என்னும் வரிசைகள் அவை. தலைப்புகளைக் கவனியுங்கள். 'என் வீடு' என்று அவர் பெயரிடவில்லை. பிறந்த மாளிகையை இழந்தவர், ஒரு மாளிகையையன்றிச் சின்னஞ்சிறு வீடுகள் பலவற்றைச் செய்தார். உள்ளீடற்ற மண்ணறையைச் சுற்றிச் சுவர் எழுப்புவதே சுடுமண் வீட்டின் இலக்கணம்; அதனுள் யார் இருந்தார்கள் என்பதை அது சொல்வதில்லை. படுக்கையே உலகமாயிருந்த ஒருவர் கடைசியில் நடக்கும் மனிதர்களைச் செய்தார் என்பதிலும் பொருள் உண்டு. அம்மனிதர்களுக்குப் பெயரில்லை, நடத்தல் என்னும் செயல் மட்டுமே அவர்களுக்கு உரியது. தன் துயர் தன்னளவில் நின்றுவிடாமல், பிறர் நுழைந்து குடியிருக்கத்தக்க இடமாக அகன்றுவிட்டது. தனிமனித அனுபவம் கலையாவது இவ்விடத்தில்தான்.

உருவம் சமைத்தல் பற்றிய மார்க்க விவாதத்தை நாம் மறக்கவில்லை. உயிருள்ளவற்றின் முழு உருவத்தை வடிப்பதைச் சட்ட அறிஞர்களுள் பெரும்பான்மையோர் விலக்கியிருக்கிறார்கள். நிழல் விழும் உருவம், விழாத உருவம் எனப் பகுத்துப் பேசியோரும் உண்டு. தீர்ப்பளிப்பது இக்கட்டுரையின் பணியன்று. ஆயினும் அந்த விவாதம், கண்முன் இருப்பதைப் பாராதிருக்க ஒரு சாக்காகிவிடக் கூடாது. மேலும், உருவமின்றியும் இப்பாதை தொடர முடியும். இளமையில் ஃபுரெயாவின் பணிக்கூடத்தில் பழகிய ஆலெவ் எபுஸ்ஸியா, டென்மார்க்கிலும் பிரான்சிலும் வாழ்ந்து பெரும்பாலும் கிண்ணங்களையே வனைந்தார். குறுகிய அடியில் நிற்கும் அவை தரையைத் தொடாமல் மிதப்பனபோல் தோன்றும். ஊர்விட்டு ஊர் சென்றவரின் வாழ்வு அந்த மிதப்பில் இருக்கிறதென ஒருவர் கருதலாம். கிண்ணம் அதனை உறுதி செய்வதுமில்லை, மறுப்பதுமில்லை.

துன்பத்தை உடனே எழுதவும் உடனே காட்டவும் வசதி பெருகிய காலம் இது. சூளைக்குள் செல்லாத மண் பார்வைக்கு முழுமையாகவே இருக்கும். நீர் பட்டால் கரைந்துவிடும். நம் இளங்கலைஞர்கள் ஃபுரெயாவிடம் கற்க வேண்டியது அவருடைய பறவைகளையும் வீடுகளையும் அன்று. பச்சை மண்ணை உலரவிட்டு, தீயிடம் ஒப்படைத்து, வருவதை ஏற்கும் அந்தக் காத்திருப்பையே அவர்கள் கற்க வேண்டும். திறனாய்வாளரும் அதே பொறுமையோடு படைப்பின் முன் நிற்கட்டும். வாழ்க்கை வரலாற்றைப் பிறகு புரட்டலாம்.