‘ஆனாவ்’: ஒரு சொல்லும் மோசேயின் தலைமையும்

எண்ணாகமம் 12:3 மோசேயின் இயல்பாக ஒன்றை மட்டுமே குறிப்பிடுகிறது. எபிரேய மூலத்தில் அதற்குரிய சொல் ‘ஆனாவ்’. இதன் பன்மை வடிவம் சங்கீதங்களிலும் தீர்க்கதரிசன நூல்களிலும் பலமுறை வருகிறது. ஒருமை வடிவமோ எபிரேய மறை முழுவதிலும் இவ்வோரிடத்தில் மட்டுமே காணப்படுகிறது. ஒரு தலைவனுக்கென்றே ஒதுக்கிவைத்தாற்போல் நிற்கும் இச்சொல்லைத் தமிழ் எவ்வாறு ஏற்றது என்பது ஆராயத்தக்கது.

பவர் குழுவினரின் 1871ஆம் ஆண்டுத் திருப்புதல் இதனைச் ‘சாந்தகுணம்’ எனப் பெயர்த்தது. இதே வேரில் பிறந்த ‘அனாவா’ என்னும் பெயர்ச்சொல் நீதிமொழிகளில் (15:33; 22:4) ‘தாழ்மை’ ஆகிறது; ஏசாயா 61:1இல் பன்மை வடிவம் ‘சிறுமைப்பட்டவர்கள்’ ஆகிறது. சூழலுக்கேற்பச் சொல் வேறுபடுதல் குற்றமன்று. ஆனால் மோசேக்குச் சாந்தம் வாய்த்தது சூழலால் அன்று; மரபால். கிரேக்க எழுபதின்மர் பெயர்ப்பு இவ்விடத்தில் ‘ப்ரவூஸ்’ என்றது. இலத்தீன் வுல்காத்தாவும் 1611ஆம் ஆண்டின் ஆங்கிலப் பெயர்ப்பும் மென்மைப் பொருளிலேயே சென்றன. தமிழும் அத்தடத்திலேயே நடந்தது எனக் கருத இடமுண்டு.

தமிழில் சாந்தம் சினத்தின் மறுதலை. மோசேயோ கற்பலகைகளை எறிந்து உடைத்தவர் (யாத்திராகமம் 32). கோராகின் கூட்டத்தார்மேல் கடுஞ்சினம் கொண்டவர் (எண்ணாகமம் 16). கன்மலையை இருமுறை அடித்தவர் (எண்ணாகமம் 20). இவற்றையும் படிக்கும் தமிழ் வாசகர் முரண்பாடு காண்பது இயல்பே. அம்முரண் மூலத்தினதன்று, பெயர்ப்பினது.

மூலம் சுட்டும் பண்பினைக் கதைப்போக்கே விளக்குகிறது. எல்தாத்தும் மேதாத்தும் பாளயத்திலேயே தீர்க்கதரிசனம் உரைக்கின்றனர், தடுக்குமாறு யோசுவா வேண்டுகிறார், மோசே மறுக்கிறார். மக்கள் அனைவருமே அவ்வரம் பெறவேண்டும் என்பதே அவர் விருப்பம். அடுத்த அதிகாரத்தில் உடன்பிறந்தோரே அவர் தலைமையை வினவுகின்றனர். அவர் மறுமொழி கூறவில்லை. மிரியாமைத் தொழுநோய் பற்றியபோதுதான் வாய் திறக்கிறார். அவளுக்கான அவ்வேண்டுதல் எபிரேயத்தில் ஐந்தே சொற்கள். தன் பதவியைத் தன் உடைமையாகக் கொள்ளாமையே இங்குப் பேசப்படும் பண்பு. சினம் அதற்குத் தடையன்று.

இதற்குரிய தமிழ்ச்சொல் யாது? ‘பணிவு’ கீழிருந்து மேல்நோக்கிச் செல்வது. மக்கள்முன் நிற்கும் தலைவனுக்கு அரைகுறையாகவே பொருந்தும். திருக்குறளில் தனி அதிகாரம் பெற்ற ‘அடக்கம்’ கவர்ச்சியான சொல். எனினும் அது தன்னைத்தானே கட்டுப்படுத்தும் ஆற்றலைப் போற்றுவது. கன்மலையை அடித்த கைக்கு அது சற்று மிகையான புகழ்ச்சி. ‘தாழ்மை’யே ஏற்புடையது. இச்சொல்லில் சமூகத் தாழ்வின் வடு உண்டென்பர். உண்மைதான். ஆனால் அவ்வடு மூலத்திலும் இருக்கிறது. எகிப்தியர் இஸ்ரயேல் மக்களைச் சுமைவேலையால் ஒடுக்கியதைக் கூறும் வினைச்சொல்லும் (யாத்திராகமம் 1:11-12) இவ்வேரினதே. அடிமைகளின் துன்பத்தைக் குறித்த வேரிலிருந்தே அவர்தம் தலைவனின் பண்புப்பெயரும் பிறந்திருப்பதைச் ‘சாந்தகுணம்’ முற்றிலும் மறைத்துவிடுகிறது. ‘தாழ்மை’ ஓரளவேனும் காட்டிநிற்கிறது.