சத்தம் போடாத படி

நல்ல மரப்படிக்கட்டு எது என்று கேட்டால் நான் தயங்காமல் சொல்வேன்: ஏறுகிறவரைக் காட்டிக்கொடுக்காதது.

மலேசியாவின் சிரம்பானில், ரஹாங்கிலிருந்து கோலப்பிலா சாலையில் புக்கிட் புத்துஸைத் தாண்டிப் போனால் ஸ்ரீ மெனாந்தி பழைய அரண்மனை. மரவேலையில் ருசி உள்ள எவரும் ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டிய கட்டடம். முந்தைய அரண்மனையை 1870களின் போரில் ஆங்கிலேயப் படை கொளுத்திவிட்டது. பிறகு 1902இல் தொடங்கி 1908இல் இதை முடித்தார்கள். துக்காங் கஹார், துக்காங் தாயிப் என்ற இரண்டு மலாய்த் தச்சர்களின் கைவண்ணம். நான்கு மாடிகள், 99 தூண்கள். ஓர் ஆணிகூட அடிக்காமல் கழுந்தும் துளையும் மரமுளையும் கொண்டே பூட்டியிருக்கிறார்கள். 1992 முதல் அது அருங்காட்சியகம்.

ஆணியைத் தவிர்த்ததில் அழகு மட்டுமல்ல, ஆழ்ந்த அறிவும் இருக்கிறது. மழைக்காலத்தில் மரம் ஊதும், வெயிலில் சுருங்கும். இரும்பு அப்படியே நிற்கும். ஆண்டுக்கணக்கில் இப்படி ஊதிச் சுருங்கியதில் ஆணித்துளை தளர்ந்துவிடும். மிதிக்கும்போது பலகை இறங்கி, ஆணியின் உடம்பில் உரசும். படியின் அலறல் அதுதான். கியோட்டோவின் நிஜோ கோட்டையில் நடந்தால் குருவிபோலக் கூவும் தரைகூட இதே கதைதான். பலகைக்கு அடியில் இரும்புப் பிடியும் ஆணியும் உரசிக்கொள்கின்றன. மரமுளையோ மரத்தோடு சேர்ந்தே ஊதும், சேர்ந்தே சுருங்கும்.

நம் பக்கத்துத் தோட்டத்துப் பங்களாக்களிலும் சிரம்பான் பழைய கடைவீடுகளிலும் இருப்பவை பெரும்பாலும் ஆணி அடித்த படிகள். இவற்றைச் சரிசெய்யத் தெரிந்த ஆசாரியின் வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். முதலில் சுத்தியலைத் தொடவே மாட்டார். ஓர் ஆளை ஏறி இறங்கச் சொல்லிவிட்டு, படிக்கு அடியில் உட்கார்ந்து காது கொடுப்பார். சத்தம் பலகையின் நடுவிலா, பக்கக்கட்டையோடு சேரும் மூலையிலா, நிற்கும் பலகையின் விளிம்பிலா? விரலை இடுக்கில் வைத்து அசைவைத் தொட்டே கண்டுபிடிப்பார். சாக்குக்கட்டியால் ஒரு கோடு. அதோடு பாதி வேலை முடிந்தது.

பிறகு ஆப்பு. அதன் மெல்லிய சரிவைக் கண் பார்த்தே இழைப்பார். மரப்பசை தடவி, இடுக்கில் வைத்துக் கொட்டாப்புளியால் மெல்லத் தட்டி இறக்குவார். தட்டும் ஒலி மாறியதும் நிறுத்திவிடுவார். நான் மிகவும் ரசிப்பது இந்த நிறுத்தத்தைத்தான். இன்னும் ஒரு தட்டு கூடினால் ஆப்பே பலகையைத் தூக்கி, புதிய இடைவெளியை உண்டாக்கிவிடும். மிச்சத்தை உளியால் சீவிவிட்டு, மூலையில் முக்கோணக் கட்டை ஒன்றைப் பசையோடு திருகாணியும் போட்டு ஒட்டுவார்.

அடியில் புக முடியாத படிக்கு மேலிருந்துதான் வைத்தியம். செங்ஙால் போன்ற வைரம் பாய்ந்த மரத்தில் துளை போடாமல் திருகாணி ஏற்றினால் பலகை பிளந்துவிடும். அதனால் முதலில் சிறுதுளை. பிறகு திருகாணியின் தலை புதையும்படி அகலத்துளை. அதை அதே மரத்தில் செய்த முளையால், ரேகை பார்த்து மூடினால் தேடினாலும் தெரியாது. தனித்தனியாக ஆடிக்கொண்டிருந்த பலகையும் கட்டையும் அதன்பின் ஒரே உடம்பாக எடை தாங்கும்.

முகப்பவுடரை இடுக்கில் தூவினால் சத்தம் சில வாரங்களுக்கு அடங்கும், அவ்வளவே. எண்ணெய் மட்டும் ஊற்றாதீர்கள். தூசி சேரும், பிறகு பசையும் பிடிக்காது. பழைய படி கத்துகிறது என்பதற்காக அதைப் பிடுங்கிவிட்டுச் சிமெண்டு பூசவும் வேண்டாம். அந்த மரம் இனி எளிதில் கிடைக்காது. முதலில் ஓர் ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.