ஒருபக்கம் சாய்ந்த சுழல்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வங்கக்கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவாகிவிட்டால், செயற்கைக்கோள் படங்களை விட்டு என் கண் நகராது. 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயல் அப்படித்தான் என்னைக் கட்டிப்போட்டது. இலங்கையை ஒட்டி வந்த ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், புயலாக வலுக்க முடியாமல் நாள்கணக்கில் திணறியது.

கடல்மட்டத்தை ஒட்டி வீசும் காற்றும் உயரத்தில் வீசும் காற்றும் ஒத்துப்போகாவிட்டால், இடிமேகங்கள் மையத்தை விட்டு ஒரு பக்கமாகத் தள்ளப்படும். பகல்நேரப் படத்தில், மெல்லிய தாழ்மேகச் சுருளாக மையம் மட்டும் தனியே சுழல்வது தெரியும். அது தேறுகிறதா என்று பார்ப்பதில்தான் சுவை. மையத்தின் தலைக்கு மேலேயே புது இடிமேகம் கிளம்ப வேண்டும். அகச்சிவப்புப் படத்தில் அதன் உச்சி மைனஸ் 80 டிகிரி வரை குளிர்ந்து தெரியலாம். ஆனால், ஒருமுறை பொங்கி அடங்கினால் போதாது. மணிக்கணக்கில் நிலைக்க வேண்டும். பிறகு, வெறுமையாகக் கிடந்த பக்கத்திலும் கீற்றுமேகங்கள் விசிறியாக விரிய வேண்டும்.

மேகப்பட்டை மையத்தை எவ்வளவு சுற்றி வளைக்கிறது என்பது போன்ற மேக அமைப்புகளைக் கொண்டு புயலின் வலிமையை மதிப்பிடும் முறையை 1970களில் வகுத்தவர் வெர்னன் டுவோராக். இன்றும் வங்கக்கடலுக்கு அதுவே கைகொடுக்கிறது.

நவம்பர் 29 அன்று ஃபெஞ்சல் புயலானது. மறுநாள் இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் நின்று கொட்டித் தீர்த்தது. காற்றின் வேகம் குறைவு என்பதற்காக மழையும் குறைந்துவிடாது. அதனால், சாய்ந்து கிடக்கும் புயலையும் கடைசிவரை விடாமல் கவனிக்கத்தான் வேண்டும்.