இரண்டாவது நாற்காலிக்கு ஆள் எடுப்பது: கமலா ஹாரிஸின் ‘107 டேஸ்’ நூலை முன்வைத்து

தோற்றவர்கள் எழுதும் புத்தகங்கள் எனக்குப் பிடிக்கும். ஜெயித்தவரின் சுயசரிதையில் எல்லாமே அவர் முன்பே கணக்குப் போட்டுச் செய்தது மாதிரி இருக்கும். தோற்றவர்தான் எங்கே விட்டோம் என்று வந்த வழியே திரும்பிப் போய் ஒவ்வொரு கதவையும் இழுத்துப் பார்ப்பார். அப்போது அவரையும் அறியாமல் ஏதாவது ஒரு கதவு திறந்துகொள்ளும். கமலா ஹாரிஸின் ‘107 டேஸ்’ புத்தகத்தில் அப்படித் திறந்துகொண்ட கதவு, தன்னுடைய துணை அதிபர் வேட்பாளரை அவர் தேர்ந்தெடுத்த கதை.

2024 ஜூலை 21-ல் பைடன் போட்டியிலிருந்து விலகினார். நவம்பர் 5-ல் தேர்தல். இடையில் இருந்த நாட்கள்தான் தலைப்பு. டைரி மாதிரி நாள்வாரியாகப் போகிறது. புலிட்சர் பரிசு வாங்கிய நாவலாசிரியர் ஜெரால்டின் புரூக்ஸ் எழுத்தில் உதவியிருக்கிறார், அதனால் காட்சிகள் கண்ணில் நிற்கின்றன. 2019-ல் வந்த ‘தி ட்ரூத்ஸ் வி ஹோல்ட்’ படித்தவர்களுக்கு இது வேறு ஆள் எழுதியது போலத் தோன்றும். அது வேட்பாளர் ஆகப்போகிறவர் எழுதிய புத்தகம், யார் மனசும் கோணாது. இதில் கோணாத மனசு யாருடையது என்று தேட வேண்டியிருக்கிறது.

‘ரன்னிங் மேட்’ என்கிற ஏற்பாடு நமக்குச் சட்டென்று பிடிபடாது. நான் இருக்கும் முதலியார்பேட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொகுதி எம்.எல்.ஏ.வுக்குக் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஓட்டு உண்டு. 1992-ல் வந்த 70-வது அரசியல் சட்டத் திருத்தம் டெல்லி, புதுச்சேரி எம்.எல்.ஏ.க்களுக்கு அந்த உரிமையைக் கொடுத்தது. ஆனால் குடியரசுத் துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது எம்.பி.க்கள் மட்டும்தான், அதுவும் தனித் தேர்தலில். இதே புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் பிரான்ஸ் அதிபர் தேர்தலில் ஓட்டுப் போடுகின்றன. அங்கே துணை அதிபர் என்ற பதவியே கிடையாது. அதிபர் இல்லாமல் போனால் அடுத்த தேர்தல் வரை செனட் தலைவர் பார்த்துக்கொள்வார். ஆக, தலைவரும் துணையும் ஒரே சீட்டில் ஜோடியாக நின்று ஓட்டுக் கேட்பது இந்த ஊருக்கு எந்தப் பக்கத்திலிருந்தும் வந்து சேரவில்லை.

2025 செப்டம்பர் 9 அன்று சி.பி. ராதாகிருஷ்ணன் 452 ஓட்டுகள் வாங்கிக் குடியரசுத் துணைத் தலைவர் ஆனார். அதற்கு முந்தைய வருஷம் கொஞ்ச காலம் புதுச்சேரி துணைநிலை ஆளுநர் பொறுப்பையும் சேர்த்துக் கவனித்தவர் என்பதால் இங்கே அவரைத் தெரியும். ஏன் அவர், வேறு யார் யாரைப் பார்த்தார்கள், அவர்களை எதற்காகக் கழித்தார்கள் என்று எந்தக் கட்சிக்காரராவது கையெழுத்துப் போட்டு எழுதுவாரா? நம் அரசியலில் அது நடக்காது. சரியாக இரண்டு வாரம் கழித்து, செப்டம்பர் 23-ல் ‘107 டேஸ்’ வெளிவந்தது. கழிக்கப்பட்டவர்கள் பெயரோடும் காரணத்தோடும் இருக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்துக்காகவே புத்தகத்துக்கு ஒரு வணக்கம் போடலாம். போட்டுவிட்டுத்தான் சண்டைக்கு வருகிறேன்.

ஜூலை 21-லிருந்து ஆகஸ்ட் 6 வரை, பதினாறு நாளில் ஆளைப் பிடித்தாக வேண்டும். கடைசியில் மூன்று பேர்: பென்சில்வேனியா ஆளுநர் ஜாஷ் ஷப்பீரோ, அரிசோனா செனட்டர் மார்க் கெல்லி, மினசோட்டா ஆளுநர் டிம் வால்ஸ். துணை அதிபரின் அரசு இல்லத்தில் நேர்காணல் நடக்கிறது. ஐ.டி. கம்பெனியில் ஆள் எடுக்கும் பேனலில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தப் பகுதி ரொம்பப் பழகிய இடம். கெல்லி கடற்படை விமானி, விண்வெளி வீரர், ரெஸ்யூமே பளபளக்கிறது. ஆனால் அரசியல் சேற்றில் புரண்டு எழுந்த அனுபவம் இல்லையே, இந்த நேரத்தில் அதைச் சோதித்துப் பார்க்க முடியுமா என்று கமலா யோசிக்கிறார். வால்ஸ் சுலபம். பதவியைப் பற்றிப் பெரிய நிபந்தனை எதுவும் இல்லை, மேலே ஏறும் அவசரமும் இல்லை.

ஷப்பீரோ வரும்போது எழுத்தின் தொனியே மாறுகிறது. நேர்காணலுக்கு முன்பே அவர் வீட்டை நிர்வகிப்பவரிடம் எத்தனை படுக்கையறை என்று கேட்டாராம். பென்சில்வேனியா ஓவியர்களின் படங்களை ஸ்மித்சோனியன் மியூசியத்திலிருந்து இரவல் வாங்கி மாட்ட முடியுமா என்று விசாரித்தாராம். உள்ளே வந்ததும், எல்லா முடிவிலும் தானும் அறையில் இருக்க வேண்டும் என்கிறார். துணை அதிபர் என்பவர் இணை அதிபர் இல்லை என்று கமலா அவருக்கு எடுத்துச் சொல்கிறார். படுக்கையறைக் கணக்கு மாதிரி ஒரு சின்ன விவரம் ஒரு மனிதரை எப்படிச் சாய்த்துவிடுகிறது பாருங்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை வீட்டார் பீரோவைத் திறந்து பார்த்த மாதிரி.

எனக்குத் தெரிந்த பேனல்களிலும் இது உண்டு. நிறைய கேள்வி கேட்கும் கேண்டிடேட்டைப் பற்றி வெளியே வந்ததும் யாராவது ஒருவர், “ஆள் ஷார்ப்தான், ஆனா நம்ம டீமுக்கு செட் ஆவாரா?” என்பார். அந்த ‘செட் ஆவாரா’வுக்கு எந்த விளக்கமும் தேவைப்படாது. ஃபைல் அங்கேயே மூடிவிடும்.

இப்போது இதே புத்தகத்தின் இன்னொரு பகுதியை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். வெளிவருவதற்கு முன்பே அதிகம் பேசப்பட்ட பகுதி அது. பைடன் மறுபடி நிற்பதா வேண்டாமா என்ற முடிவை அவருக்கும் அவர் மனைவிக்கும் விட்டுவிடுவோம் என்று எல்லோரும் மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தோம், இப்போது திரும்பிப் பார்த்தால் அது பொறுப்பில்லாத காரியம் என்கிறார் கமலா. தான் எடுத்துச் சொல்லியிருந்தால் நாற்காலி ஆசை என்று பேசியிருப்பார்கள் என்ற தன் தரப்பையும் வைக்கிறார். நியாயமான தரப்புதான். அதோடு, தன்மேல் தாக்குதல் வந்தபோதெல்லாம் வெள்ளை மாளிகை ஆட்கள் தனக்காக வாய் திறக்கவில்லை, தான் பளிச்சென்று தெரிந்தால் அதிபர் மங்கிவிடுவார் என்று பயந்தார்கள் என்றும் குறைப்படுகிறார்.

அப்படியானால் ஒரு பகுதியில், இரண்டாவது நாற்காலியில் இருந்தவர் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் பெரிய விபத்து. இன்னொரு பகுதியில், இரண்டாவது நாற்காலிக்கு வந்தவர் வாயை மூடிக்கொள்ள மாட்டார் என்பதுதான் அவரைக் கழிக்கக் காரணம். இந்த இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி ஒரு பாரா எழுதியிருந்தால் இது வேறு தரத்துப் புத்தகம் ஆகியிருக்கும். அந்தப் பாராவைத்தான் நான் தேடித் தேடிப் பார்த்தேன்.

என் தொழிலில் இதற்கு ஒரு பழைய பிரச்சினை உண்டு. முக்கியமான டேட்டாபேஸுக்கு ஒரு ஸ்டாண்ட்பை சர்வர் வைப்போம். மெயின் சர்வரில் இருப்பது அத்தனையும் அதில் இருக்கும், ஆனால் தானாக எதையும் எழுத விடமாட்டோம். மெயின் விழுந்தால் அந்த நிமிஷமே அது மெயின் ஆக வேண்டும். நடைமுறையில் என்ன ஆகும் என்றால், ஸ்டாண்ட்பை அடக்கமாக இருக்கிறதா என்று தினமும் பார்ப்பார்கள், பொறுப்பு ஏற்குமா என்று யாரும் சோதித்துப் பார்க்க மாட்டார்கள். 2024 ஜூன் 27 விவாத மேடையில் பைடன் தடுமாறியது முதல் ஜூலை 21 வரை அமெரிக்கா பார்த்தது அந்த மாதிரி ஒரு இரவுதான். அதன் நடுவில் நின்றவர், பதினாறே நாளில் தனக்கு ஸ்டாண்ட்பை தேர்ந்தெடுக்கும்போது மறுபடியும் அடக்கத்துக்கே அதிக மார்க் போடுகிறார்.

2020-ல் பைடன் செய்தது இதற்கு நேர் எதிர் என்பதையும் மறக்கக் கூடாது. 2019 ஜூன் விவாதத்தில், பள்ளிப் பேருந்து விவகாரத்தை வைத்து எல்லோர் முன்னாலும் பைடனை முகம் சிவக்க வைத்தவர் கமலா. பைடன் வீட்டில் அது ஆறாத காயம் என்று சொல்வார்கள். பெண் ஒருவரைத்தான் துணையாக எடுப்பேன் என்று 2020 மார்ச்சில் வாக்குக் கொடுத்த பைடன், ஆகஸ்ட் 11-ல் தன்னைக் குத்தியவரையே எடுத்தார். அதற்கு அடுத்த வாரம் ஏற்புரையில் ‘சித்தி’ என்ற ஒரு சொல் வந்ததும் நாமெல்லாம் கொண்டாடினோம். துளசேந்திரபுரத்தில் பேனர் வைத்தார்கள், கோயிலில் பூஜை செய்தார்கள். தன்னை எடுத்தவரிடம் இருந்த அந்தத் தடித்த தோல் தன்னிடம் இருந்ததா என்று கமலா கேட்டுக்கொள்ளவில்லை.

திருக்குறளில் ‘தெரிந்துதெளிதல்’ அதிகாரம் முழுக்க ஆள் எடுப்பது பற்றித்தான். அறம், பொருள், இன்பம், உயிர்பயம் என்று நான்கு வகையில் சோதித்துப் பார் என்று தொடங்குகிறது. கடைசிக் குறள்தான் எனக்கு இங்கே முக்கியம். சோதிக்காமல் நம்புவதும், நம்பி எடுத்த பிறகு சந்தேகப்படுவதும் தீராத துன்பம் என்கிறது அது. அக்டோபர் 1 இரவு வால்ஸ், ஜே.டி. வான்ஸ் கூட விவாதம் செய்கிறார். வான்ஸ் சமரசமாகப் பேசப் பேச, வால்ஸ் தலையாட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். வீட்டில் டி.வி. முன்னால் உட்கார்ந்து கணவரிடம் கமலா புலம்புகிறார். வேடிக்கையான காட்சிதான், அந்த வாரக் கடைசியிலேயே டி.வி. நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றில் இதையே கிண்டல் செய்தார்கள். ஆனால் நிபந்தனை போடாத, யாரிடமும் மல்லுக்கு நிற்காத மனிதர் என்றுதானே அவரை எடுத்தீர்கள்? அந்த குணம் வான்ஸைப் பார்த்ததும் எப்படி மாறும்?

தமிழில் இந்த வகைப் புத்தகத்துக்கு நமக்கு ஒரு அளவுகோல் இருக்கிறது, கண்ணதாசனின் ‘வனவாசம்’. தி.மு.க.வில் இருந்த வருஷங்களைப் பற்றி, விட்டு வந்த பிறகு எழுதியது. கூட இருந்தவர்களை அவர் விட்டுவைக்கவில்லை, பழி தீர்க்கும் சந்தோஷம் பல இடத்தில் தெரிகிறது. ஆனாலும் இன்றுவரை படிக்க முடிகிறதே, ஏன்? தன்னை ‘அவன்’ என்று தள்ளி நிறுத்தி, ‘அவன்’ செய்த கூத்துகளையும் சேர்த்தே எழுதுகிறார். முதல் வெட்டு தன் காலில்தான். அதனால் மற்றவர்கள்மேல் விழும் வெட்டையும் நாம் நம்புகிறோம். ‘107 டேஸ்’ஸில் கமலாவும் தன் தவறுகளைச் சொல்கிறார். பைடனிலிருந்து எந்த விதத்தில் மாறுபடுவீர்கள் என்று ஒரு டி.வி. நிகழ்ச்சியில் கேட்டபோது சொன்ன பதிலைப் பற்றி எழுதியிருப்பது நேர்மையானது. ஆனால் தேர்ந்தெடுக்கும் இடத்தில் மட்டும் அவர் மேசைக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறார்.

மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவரின் புத்தகமும் வந்துவிட்டது. ஷப்பீரோ முதலில் பேட்டியில் படுக்கையறைக் கதை எல்லாம் பொய் என்றார். 2026 ஜனவரியில் வந்த தன் நூலில், கமலாவின் குழுவினர் தன்னிடம் நீங்கள் எப்போதாவது இஸ்ரேலின் ஏஜென்டாக இருந்ததுண்டா என்று கேட்டதாக எழுதினார். அவர் யூதர். இந்தக் கேள்வி அந்த வீட்டுக்குள் எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்தால், ஓவியம் இரவல் கேட்ட கதை வேறு மாதிரி தெரிகிறது. யார் சொல்வது சரி என்று தீர்க்க நம்மிடம் வழியில்லை. ஷப்பீரோவை எடுத்திருந்தால் ஜெயித்திருப்பார் என்பவர்களுக்கு மட்டும் ஒரு கணக்கு: டிரம்ப் வாங்கியது 312 தேர்வாளர் ஓட்டு, பென்சில்வேனியாவுக்கு 19. கழித்தாலும் 293 நிற்கிறது, ஜெயிக்க 270 போதும்.

எனக்கு இந்தப் புத்தகத்தில் மிகவும் உறுத்திய ஆள் அந்த மூன்று பேரில் இல்லை. பீட் புட்டஜெஜ்தான் தன் முதல் விருப்பம் என்கிறார் கமலா. கறுப்பினப் பெண், யூதக் கணவர், இதற்கு மேல் ஒருபால் ஈர்ப்பாளர் ஒருவரைத் துணையாக நிறுத்தினால் அமெரிக்கா தாங்காது என்று கணக்குப் போட்டு விட்டுவிட்டாராம். பீட்டுக்கும் இது புரிந்திருக்கும் என்றும் சேர்த்துக்கொள்கிறார். பின்னால் பேட்டியில், அவ்வளவு குறைந்த நாளில் அந்தப் பணயத்தை வைக்க முடியவில்லை என்றார். நம்மூரில் வேட்பாளர் பட்டியல் தயாராகும் அறைகளில் இதே வாக்கியம்தான் சாதியை வைத்து ஓடுகிறது. ‘ஆள் தங்கம். ஆனா அந்தத் தொகுதியில அவங்க ஆளுக்கு ஓட்டு விழாது.’ சொல்பவருக்கு அந்த ஆள்மேல் எந்த வெறுப்பும் இருக்காது. வெறுக்கிறவர்கள் வெளியே எங்கேயோ இருப்பதாகச் சொல்லிவிட்டு, அவர்கள் சார்பில் இவரே கழித்துவிடுவார்.

கணக்கே சரியா என்பது அடுத்த கேள்வி. 2020 பிப்ரவரியில் அயோவாவில், கணவரோடு மேடை ஏறிய இந்த பீட்தான் அதிகப் பிரதிநிதிகளை வாங்கினார். அதே போட்டியில் கமலா ஒரு ஓட்டும் விழுவதற்கு முன்பே, 2019 டிசம்பரில் விலகியிருந்தார். மக்கள் முன் போய் நின்று பார்த்தவரை, மக்கள் ஏற்க மாட்டார்கள் என்று சொல்லி ஒதுக்கியிருக்கிறார்.

புத்தகம் வந்த பிறகு நிருபர்கள் பீட்டிடம் கேட்டார்கள். படித்ததும் தனக்கு ஆச்சரியமாக இருந்தது, மக்களை இதைவிடக் கொஞ்சம் உயர்வாக மதிப்பிடலாம் என்ற மாதிரிச் சொன்னார். இதைப் பற்றித் தன்னிடம் யாரும் பேசவில்லை என்றும் சொன்னார். கமலாவின் முதல் விருப்பம், கடைசி மூன்று பேரில்கூட இல்லை.