தரவுத்தளத்துக்குள் பைதான்: பழுதைத் தேடும் இடம்

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1904 முதல் சூரியனை வெண்ணொளியில் படம் எடுத்து வந்திருக்கிறது. தகடுகளில் இருந்த படங்கள் இப்போது டிஜிட்டல் கோப்புகள். ஒரு படம் ஆய்வுக்குப் பயன்பட வேண்டுமானால் அது எடுக்கப்பட்ட நேரமும், அந்நேரத்தில் சூரிய அச்சு எவ்வளவு சாய்ந்து தெரிந்தது என்ற கணக்கும் வேண்டும். இந்தியத் திட்ட நேரமோ 1906-இல்தான் வந்தது. பழைய பதிவுக்கும் புதிய பதிவுக்கும் ஒரே நேர விதி பொருந்துமா என்பதிலிருந்தே வேலை தொடங்கிவிடும்.

இப்படிப்பட்ட பதிவுகளை போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வைக்கிறோம் என்று கொள்வோம். சாய்வைக் கணக்கிடும் வானியல் நூலகங்கள் பைதானில் இருக்கின்றன. பிஎல்/பைதான் நீட்சியைச் சேர்த்தால் அவற்றை எஸ்க்யூஎல் வரியிலிருந்தே அழைக்கலாம். தரவை வெளியே அள்ளிச் சென்று திரும்பக் கொண்டுவரும் அலைச்சல் இல்லை. கணக்கும் பதிவும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் நடப்பதால் இடையில் தவறினால் இரண்டும் சேர்ந்தே ரத்தாகும். வெளியில் ஓடும் ஸ்கிரிப்டுக்கு இந்தப் பாதுகாப்பு எளிதில் வாய்க்காது.

ஆனால் பழுது வரும்போதுதான் இதன் குறை தெரிகிறது. ஃபங்ஷன் தரவுத்தளத்தில் இருக்கிறது. அது நம்பியிருக்கும் பைதானோ சர்வரின் இயங்குதளத்தில் இருக்கிறது. நம் லாகினில் ஓடும் நூலகம் தரவுத்தளத்துக்குத் தெரியாமல் போகலாம், ஏனெனில் அது வேறொரு பயனரின் பெயரில், நீட்சி எந்தப் பைதானோடு கட்டப்பட்டதோ அதைக் கொண்டே ஓடுகிறது. எனவே முதலில் கேட்க வேண்டியது எந்தப் பைதான் என்பதுதான். நாலு வரி ஃபங்ஷன் எழுதி, பதிப்பையும் நூலகப் பாதையையும் அச்சிடச் சொன்னால் பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது எரரே காட்டாத பழுது. ஒவ்வொரு இணைப்புக்கும் தனிப் பைதான்; ஒருமுறை ஏற்றிய நூலகத்தை அது இணைப்பு முடியும்வரை மறப்பதில்லை. நேர விதியைத் திருத்திக் கோப்பை மாற்றிவிட்டோம். திறந்தே கிடக்கும் பழைய இணைப்புகள் பழைய விதியையே ஓட்டும். இணைப்புகளைத் தேக்கி வைக்கும் அமைப்பில் ஒரே தகட்டுக்கு இரண்டு விடை வரும், இரண்டும் நம்பும்படியாக. இதற்குத் திருத்தம் எளிது: நூலகத்தை மாற்றினால் இணைப்புகளைப் புதுப்பிக்க வேண்டும். காரணம் தெரியும்வரை மட்டும் அது யாருக்கும் தோன்றாது.

பாதுகாப்புக் கேள்வியும் உண்டு. பெர்ல், டிசிஎல் இரண்டுக்கும் கட்டுப்படுத்தப்பட்ட வடிவம் இருக்கிறது, பைதானுக்கு இல்லை. 2003-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 7.4 பதிப்பிலிருந்து அது நம்பகமற்ற மொழியாகவே இருக்கிறது. தரவுத்தளம் ஓடும் இயங்குதளப் பயனர் தொடக்கூடிய கோப்பையெல்லாம் அதன் ஃபங்ஷனும் தொடலாம். சூப்பர்யூசர் மட்டுமே அதில் ஃபங்ஷன் உருவாக்கலாம் என்ற விதி தொந்தரவாகத் தெரிந்தாலும் தேவையானது.

ஆகவே பெரிய கணக்கை வெளியில் சோதித்த நூலகமாக வைத்து, உள்ளே அதை அழைக்கும் சில வரிகளை மட்டும் எழுதுவதே சரி என்பேன். பேக்கப்பிலும் கவனம் வேண்டும். தரவுத்தளத்தின் டம்ப் கோப்பு ஃபங்ஷனின் வரிகளைச் சுமக்கும், பைதான் நூலகத்தைச் சுமக்காது. நீட்சி உள்ள புதிய சர்வரில் மீட்டெடுத்தால் எல்லாம் சரியாகவே தோன்றும். ஃபங்ஷனை முதல்முறை அழைக்கும்போதுதான் நூலகம் இல்லை என்ற எரர் வரும். அதனால் மீட்டெடுத்த அன்றே, விடை ஏற்கெனவே கைவசமுள்ள ஒரு தகட்டின் தேதியைக் கொடுத்து ஒவ்வொரு ஃபங்ஷனையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.