திண்டுக்கல்லுக்கு வந்த பல்லவி

திண்டுக்கல்லில் மிஷன் வேலை செய்த அமெரிக்கர்கள் மருந்து கொடுத்தார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள், கோயில் கட்டினார்கள். என் மனத்துக்கு மிக நெருக்கமாக இருப்பது அவர்கள் செய்த இன்னொரு காரியம். எட்வர்ட் வெப் என்ற மிஷனரி, எண்பதை நெருங்கிய ஒரு தமிழ்ப் புலவரைத் தஞ்சாவூரிலிருந்து திண்டுக்கல்லுக்கு அழைத்துத் தங்கவைத்து, அவருடைய பாடல்களைத் தம் சபையாருக்குச் சொல்லிக்கொடுக்கச் செய்தார். புலவர் வேதநாயகம் சாஸ்திரியார். காலம் 1850களின் தொடக்கம். திண்டுக்கல்லுக்கு ரயில் வர இன்னும் இருபது ஆண்டுக்கு மேல் இருந்தது. அந்த வயதில் அந்தத் தூரத்தைக் கடந்து, மலைக்கோட்டையின் நிழலில் இருந்த ஒரு சிறிய சபைக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க வந்திருக்கிறார்.

1853இல் வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து ஆராதனைக்கான நூலாக வெளியிட்டார். இன்றும் தமிழ்ப் புராட்டஸ்டண்ட் சபைகளின் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினால் பாமாலைகள் ஒரு பகுதி, கீர்த்தனைகள் ஒரு பகுதி என்று இருக்கும். பாமாலைகளில் பெரும்பாலானவை ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் பிறந்து, மேல்நாட்டு மெட்டோடு தமிழுக்கு வந்தவை. கீர்த்தனைகள் இங்கேயே பிறந்தவை. இந்த இரண்டாம் பகுதி ஆராதனைக்குள் உரிமையோடு நுழைந்ததில் திண்டுக்கல்லுக்குப் பெரிய பங்கு உண்டு.

இதன் அருமை தெரிய, அதற்கு முன்பு பிள்ளைகள் என்ன பாடினார்கள் என்று பார்க்க வேண்டும். பாஸ்டன் நகர அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் சங்கத்தின் ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து 1834இல் மதுரைக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டே திண்டுக்கல்லிலும் வேலை தொடங்கிவிட்டது. அவர்கள் தங்கள் ஊரில் பாடிய பாட்டுகளைத் தமிழாக்கி, அதே மெட்டில் இங்கே பாடவைத்தார்கள். அன்பில் குறையில்லை, மொழியறிவும் பலருக்கு நன்றாகவே இருந்தது. தடங்கல் ஓசையில் வந்தது.

ஆங்கிலப் பாட்டு, எந்த அசை அழுத்தம் பெறுகிறது என்பதை நம்பி நடக்கிறது. அழுத்தம் விழும் இடத்தில் மெட்டு நீளும். தமிழ் குறிலையும் நெடிலையும் நம்பி நடக்கும் மொழி. மெட்டு நீளும் இடத்தில் ஒரு குறில் வந்து உட்கார்ந்தால் பாடுகிறவர் அதை இழுத்தே தீர வேண்டும். இழுத்தால் மலை மாலையாகிவிடும், கல் காலாகிவிடும், விடு வீடாகிவிடும். பெரியவர்கள் அச்சுப் பக்கத்தைப் பார்த்து எது சொல் என்று தெரிந்துகொள்வார்கள். எழுத்து கூட்டத் தொடங்காத ஐந்து வயதுப் பிள்ளைக்குக் காதில் விழுவதுதான் சொல். அது எதையோ பாடும், பொருள் பிடிபடாமலே பாடும்.

சாஸ்திரியாரின் பாட்டில் இந்தச் சங்கடம் இல்லை. தாளம் நின்று நீளும் இடத்தில் நெடில் காத்துக்கொண்டிருக்கும். பெரும்பாலும் அது விளி. கடவுளைக் கூப்பிடும் ஏகாரம், தன்னை நொந்துகொள்ளும் ஓகாரம். கூப்பிடும்போது குரல் நீள்வது தமிழ்நாட்டுத் தெருவில் எந்தப் பிள்ளைக்கும் பழக்கம். விளையாடப் போன தம்பியைச் சாப்பிடக் கூப்பிடுகிற அதே நீட்டம் பாட்டில் வரும்போது அதற்குத் தனிப் பயிற்சி தேவைப்படுவதில்லை. மோனையும் எதுகையும் அடுத்த வரியின் தொடக்கத்தை முன்கூட்டியே நாவில் கொண்டுவந்து வைத்துவிடும். புத்தகம் கையில் இல்லாதவருக்கு இதைவிடப் பெரிய உதவி உண்டா?

பல்லவியின் அழகைத் தனியே சொல்ல வேண்டும். ஒவ்வொரு சரணம் முடிந்தும் பாட்டு பல்லவிக்குத் திரும்புகிறது. சரணத்தில் கதை நகரும், வேத வசனத்தின் சாரம் வரும், சில நேரம் கடினமான சொற்கள் அடுக்கடுக்காக வரும். அதை உபதேசியாரோ பெரிய பிள்ளைகளோ பாடிக்கொள்ளலாம். அதுவரை சும்மா இருக்கும் சின்னது, பல்லவி திரும்பும் இடம் தெரிந்து வாயைத் திறக்கும். நான்கு வயதும் எழுபது வயதும் ஒரே பாட்டில் தத்தம் பங்கோடு நிற்க முடிகிறது. சிறுவர் ஊழியம் என்று தனியாக ஒரு ஏற்பாடு வருவதற்கு முன்பே இந்த வடிவம் பிள்ளைகளுக்கு இடம் வைத்திருந்தது. போர்டிங் பள்ளியிலிருந்து விடுமுறைக்கு ஊர் திரும்பும் பிள்ளை புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. பல்லவி கூடவே போய்விடும்.

ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ராகமும் தாளமும் அச்சிட்டிருப்பார்களே, அந்தச் சிறு எழுத்தும் எனக்குப் பிடிக்கும். ஆனந்தபைரவி, செஞ்சுருட்டி, சங்கராபரணம் என்ற பெயர்களைச் சங்கீதம் படிக்காத எத்தனையோ கிராமத்துப் பிள்ளைகள் கோயில் பாட்டுப் புத்தகத்தில்தான் முதன்முதலாகப் பார்த்திருப்பார்கள். சங்கராபரணத்தின் ஸ்வரங்கள் மேல்நாட்டு மேஜர் ஸ்கேலோடு ஒத்துப்போவதால் அந்த ராகப் பாட்டுகளை அமெரிக்கர் காதும் சட்டென்று பிடித்திருக்கும். ஆனந்தபைரவியில் அவர்கள் கொஞ்சம் திணறியிருப்பார்கள். கேட்டுப் பழகுகிறவரின் இடத்தில் மிஷனரியும், பாடிக்காட்டுகிறவரின் இடத்தில் நம் ஊர்ப் பிள்ளையும் இருக்கும் அந்த வேளையை நினைத்தால் மனம் நிறைகிறது.

சாஸ்திரியார் பல பாடல்களின் கடைசியில் வேதநாயகன் என்று முத்திரை வைப்பார். வேதத்துக்கு நாயகன் என்று கடவுளையும் அது குறிக்கும், எழுதியவரையும் குறிக்கும். வணங்குகிறவர் பெயர் வணங்கப்படுகிறவர் பெயருக்குள் ஒளிந்துகொள்கிறது. இதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டி விளக்கக் கூடாது என்பேன். ஒருநாள் தானாகத் தெரியவரும்போது கிடைக்கும் மகிழ்ச்சியை நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

சாஸ்திரியாரே ஒரு மிஷனரியின் கையில் வளர்ந்த பிள்ளைதான். 1774இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தார். ஏறத்தாழப் பன்னிரண்டு வயதில் அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போய்ப் படிக்கவைத்தவர் ஜெர்மன் நாட்டு சுவார்ட்ஸ் ஐயர். திருமணம் செய்துகொள்ளாத அந்த மனிதரின் பராமரிப்பில் இளவரசர் சரபோஜியும் இருந்தார். சுவார்ட்ஸ் வேதநாயகத்தைத் தமிழிலிருந்து பிரித்தெடுக்கவில்லை. வானசாஸ்திரமும் கணக்கும் கற்ற பையன், தமிழ் யாப்பையும் விடாமல் வளர்த்துக்கொண்டான். பின்னாளில் பெத்லகேம் குறவஞ்சி எழுதியபோது குறத்தியும் வந்தாள், கோள்களின் சுற்றும் வந்தது. நோவாவின் பேழையை ஞானத்தச்ச நாடகமாக்கினார். கும்மியையும் ஏற்றப்பாட்டையும் விட்டுவைக்கவில்லை. பெண்பிள்ளைகள் வட்டமாகக் கைதட்டி ஆடும் இசையும், வயலில் தண்ணீர் இறைப்பவர் எண்ணிக்கை தவறாமல் பாடும் இசையும் தெய்வத்துக்கு ஆகும் என்று அவர் நம்பினார்.

இந்தக் கதையில் மறைக்கக் கூடாத ஒரு முள் உண்டு. தஞ்சாவூரில் சுவார்ட்ஸுக்குப் பின் வந்த மிஷனரிகளோடு சாஸ்திரியார் கடுமையாக மோதினார். அவர்கள் செய்த கொடுமைகள் என்று அவர் நான்கைச் சொன்னார். ஆராதனையிலிருந்து தமிழ்ப் பாட்டை விலக்கியது அவற்றில் ஒன்று. சாதிகளை ஒன்றாக இருத்தியது இன்னொன்று. முதலாவதில் அவர் பக்கம் நான் முழுமனத்தோடு நிற்பேன், இரண்டாவதில் நிற்க மாட்டேன். வெப் சேர்ந்திருந்த மதுரை மிஷனோ சாதி விஷயத்தில் கண்டிப்பானது. 1847இல் தன் ஊழியர்கள் சாதி பாராமல் சேர்ந்து உண்ண வேண்டும் என்று வற்புறுத்திப் பலரை வேலையிலிருந்து நிறுத்தியது. அதே மிஷனின் ஆள் சில ஆண்டுகளுக்குள் அந்தப் புலவரை அழைத்துப் பாட்டை வாங்கிக்கொண்டார். சாதி பற்றிய அவருடைய பிடிவாதத்தை வாங்கிக்கொள்ளவில்லை. அந்தத் தெளிவுக்காகவும் வெப்பை மதிக்கிறேன்.

நூறு ஆண்டுகளுக்கும் மேல் சென்றபின், மதுரை அரசரடி இறையியல் கல்லூரியிலிருந்து தியோபிலஸ் அப்பாவு, ஆராதனைக்கு யாருடைய இசை என்ற கேள்வியை வேறு பக்கத்திலிருந்து எழுப்பினார். எல்லாரும் பரட்டை அண்ணன் என்று அழைத்தவர். கர்நாடக ராகக் கீர்த்தனை மேல்சாதிக்காரரின் இசை, சேரிப் பிள்ளையின் இசை கிராமிய மெட்டு என்றார். பறையையும் நாட்டுப்பாடல் நடையையும் ஆராதனைக்குக் கொண்டுவந்தார். அவர் சொன்னதில் பெரும்பகுதி நியாயம். ஆனாலும் கும்மியும் ஏற்றப்பாட்டும் எழுதிய கையை முழுவதுமாக மேட்டுக்குடிக் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

இப்போது மே மாதம் வந்தால் திண்டுக்கல் சுற்றுப்புறச் சபைகளில் வி.பி.எஸ். தொடங்கிவிடும். விடுமுறை வேதாகமப் பள்ளி என்ற இந்த ஏற்பாட்டின் வேர் 1898இல் நியூயார்க்கில் தெருப்பிள்ளைகளுக்காக ஒரு பெண்மணி நடத்திய வகுப்பு. நல்ல ஏற்பாடு. அபிநயப் பாட்டு, வர்ணத் தாள், கடைசி நாள் ஊர்வலம் என்று பிள்ளைகள் பூரித்துப்போகிறார்கள். மெட்டு மட்டும் பல இடங்களில் மறுபடி வெளியூரிலிருந்து வருகிறது. கல் மறுபடி காலாகிறது. பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் அக்காமார்களிடம் ஒன்றைக் கேட்பேன். பத்து நாளில் ஒரே ஒரு கீர்த்தனையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் பல்லவி மட்டும் போதும். இரண்டாம் நாள் நீங்கள் சரணம் பாடி நிறுத்துங்கள், பல்லவியைப் பிள்ளைகளே எடுத்துக்கொள்வார்கள்.