தவறணையும் பீலிக்கரையும்

மலையகச் சிறுகதைகளில் தவறணைக்கு வாய்த்திருப்பது பெரும்பாலும் வில்லன் பாத்திரமே. சம்பள நாளன்று கணவன் அங்கே நுழைகிறான். மனைவியின் உழைப்பும் சேர்ந்து கரைகிறது. லயத்தில் அடுப்பு எரியவில்லை. இது பொய்யென்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தவறணை என்பது குடிக்கும் இடம் மட்டுமன்று. துரையின் கண் படாத இடம் அது. கங்காணியை வாய்விட்டு ஏசலாம். சங்கத் தலைவரை எடை போடலாம். அடுத்த தோட்டத்துச் செய்தியைக் கேட்டறியலாம். தோட்டத்துக்கு வெளியே ஆண் தொழிலாளிக்கு ஒரு கதவு இருந்தது என்பதே இதன் பொருள். பெண் தொழிலாளிக்கு அத்தகைய கதவு எங்கே?

இக்கேள்வியை என்னுள் எழுப்பியது ஓர் அமெரிக்க ஆய்வு நூல். எலிசபெத் கென்னடி, மடலின் டேவிஸ் ஆகிய இருவர் 1993இல் வெளியிட்டது. நியூயோர்க் மாநிலத்தின் பஃபலோ என்னும் ஆலை நகரில், பெண்ணைக் காதலித்த பெண்கள் 1930களின் நடுவிலிருந்து 1960களின் தொடக்கம் வரை கூடிய மதுச்சாலைகளின் வரலாற்றை, அங்கே கூடிய முதியவர்களின் வாய்மொழியைக் கொண்டே அது எழுதிக் காட்டுகிறது.

நமது நண்பர்கள் சிலர் இங்கேயே முகஞ் சுளிப்பர். 'மேல்நாட்டு முதலாளித்துவத்தின் அழுகல் இது; உழைக்கும் வர்க்கத்துக்கு இதனோடு என்ன உறவு?' என்பர். அவசரம் வேண்டாம். அந்த மதுச்சாலைகளில் கூடியோர் பெரும்பாலும் சீமாட்டிகள் அல்லர். கூலிக்கு உழைத்த பெண்கள். யுத்த காலத்தில் ஆலைகள் பெண்களுக்குத் திறந்தன. கையில் சொந்தக் கூலி சேர்ந்தது. தந்தையின் துணையோ கணவனின் துணையோ இன்றி மாலையில் தெருவில் இறங்க முடிந்தது. அதன் பின்னரே மதுச்சாலையின் மூலை மேசை அவர்களுடையதாயிற்று. அங்கே மது மலிவான சாக்கு. ஒருத்தியின் பக்கத்தில் இன்னொருத்தி அச்சமின்றி அமரலாம் என்பதே அவர்கள் விலை கொடுத்து வாங்கிய சரக்கு. பின்னாளில் உரிமைக் குரலாக எழுந்ததன் வேர் இந்த மேசைகளில் இருந்தது என்று நூலாசிரியர்கள் நிறுவுகின்றனர். அதே வேளையில் மதுச்சாலையை அவர்கள் சொர்க்கமாக்கவில்லை. அடிதடி, குடிவெறி, பொலிசாரின் தொல்லை, நிறவெறி எல்லாவற்றையும் மறைக்காமற் சொல்கின்றனர். கறுப்பினப் பெண்கள் வெள்ளையரின் மதுச்சாலைகளை நம்பியிராமல் நெடுங்காலம் தம் வீடுகளிலேயே கூடி ஆடிப்பாடினர் என்ற பகுதியை நான் இருமுறை படித்தேன். மதுச்சாலை இல்லாவிடின் வீடு போதும்; ஆனால் தாழிட்டுக்கொள்ளத்தக்க வீடாக அது இருக்க வேண்டும்.

இனி நம் மலைக்கு வருவோம். சி. வி. வேலுப்பிள்ளை, 1964இல் 'தூரத்துப் பச்சை' எழுதிய கோகிலம் சுப்பையா, 'ஒரு கூடைக் கொழுந்து' தந்த என். எஸ். எம். இராமையா, தெளிவத்தை ஜோசப் முதலானோர் மலையகப் பெண்ணின் உழைப்பைத் தமிழுக்குப் பதிவு செய்தனர். அக்கடன் பெரிது. ஆயினும் மலையக எழுத்தில் பெண்கள் ஒன்று சேரும் இடங்களைக் கவனியுங்கள்: பிரட்டுக்களம், கொழுந்து மடுவம், பிள்ளைக் காம்பரா, பீலிக்கரை. எல்லாம் வேலை அவர்களைக் கொண்டு நிறுத்திய இடங்கள். பீலிக்கரையைப் 'பெண்களின் பாராளுமன்றம்' என்று நாம் மேடையில் வருணித்து மகிழ்வதுண்டு, நானும் வருணித்தவனே. ஆனால் அங்கே பெண் குடத்தோடு வருகிறாள். குடம் நிறைந்ததும் போய்விட வேண்டும். பின்னால் வரிசை நிற்கிறது.

இவ்வெழுத்தில் தோழியர் உண்டு. சேர்ந்து நிரை பிடிப்பர், சேர்ந்து அழுவர். ஒருத்தியை ஒருத்தி வாழ்க்கைத் துணையாக விரும்பக்கூடும் என்ற நினைவு நான் படித்த மலையகக் கதைகளில் தலைகாட்டியதில்லை. அத்தகைய பெண்கள் பஃபலோவில் மட்டுமே பிறப்பார்கள் என்று நம்பச் சொல்வது யதார்த்தவாதம் ஆகாது. அவர்கள் சந்தித்துத் தம்மைத் தாம் அறிந்துகொள்ளும் இடம் தோட்டத்தில் இல்லை; இடம் இல்லாதபடியால் கதையும் இல்லை. இதை எழுத்தாளரின் கூச்சம் என்று மட்டும் சொல்லி முடித்துவிடக் கூடாது. லயக் காம்பரா 10 அடிக்கு 12 அடி; அதற்குள் ஒரு குடும்பம்; பக்கத்துக் காம்பராவின் இருமல் இங்கே கேட்கும். அந்தக் கூரையும் தோட்டத்தினுடையது. ஆணுக்குச் சமமான நாட்கூலி 1984இல்தான் வந்தது. வந்த பிறகும் அதை எண்ணி வாங்கிய கை பல வேளைகளில் தந்தையுடையதோ கணவனுடையதோ ஆயிற்று.

சட்டமும் வாயிலில் காவல் நின்றது. தவறணையில் பெண்ணுக்கு மது விற்பதைக் கலால் விதி தடுத்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அத்தடையை நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தை மீளப்பெறச் செய்தார். பெண்ணின் காதலையோ தண்டனைச் சட்டம் நெடுங்காலம் குற்றமாகக்கூட மதித்ததில்லை. 365அ பிரிவு ஆண்களைப் பற்றியே பேசிற்று. 1995ஆம் ஆண்டுத் திருத்தம் 'ஆண்' என்ற சொல்லை எடுத்துவிட்டுப் பெண்களையும் உள்ளே இழுத்தது. சமத்துவம் இப்படியும் வருவதுண்டு! இந்நிலை பெண்களுக்கு எதிரான பாகுபாடே என்று ஐக்கிய நாடுகளின் குழு ஒன்று, ரொசானா பிளேமர் கல்டேரா தொடுத்த முறைப்பாட்டில், 2022இல் தீர்ப்பளித்தது. அவர் 2004இல் தொடங்கிய அமைப்பு கொழும்பிலிருந்து இயங்குவது. ஹட்டனிலிருந்து கொழும்புக்கு ரயில் உண்டு. ஆனால் ஒரு நாள் 'பேர்' இழந்து அதில் ஏறக் கொழுந்துக்காரி வீட்டில் என்ன காரணம் சொல்வாள்?

தவறணைகளைப் பெருக்குங்கள் என்று நான் வாதாடவில்லை. சாராயத்தால் மலையகம் பட்டது போதும். நான் கேட்பது மேசையை, கதவை, தாழ்ப்பாளை. பஃபலோவுக்கு மிக நெருங்கிய இடம் நம் நாட்டில் எதுவென்று எண்ணும்போது, எனக்கு 1978இல் திறந்த கட்டுநாயக்கா வர்த்தக வலயமே நினைவுக்கு வருகிறது. தோட்டத்துப் பெண்களும் அங்கே போய்த் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தார்கள். சம்பளம் அவர்கள் பேரில் வருகிறது. பத்துப் பேர் பெண்களாகவே வாடகைக்கு எடுத்த விடுதி அறை. இரவில் கதவை உள்ளிருந்து சாத்துகிறவர்களும் அவர்களே. அங்கே மது இல்லை, இசைத்தட்டு இல்லை. கேத்தலில் தேநீர் கொதிக்கிறது, அது தம் தாய்மார் பறித்த கொழுந்தாகவும் இருக்கலாம். அந்த அறையைப் பற்றிய மலையகக் கதைகள் வரின், அவை பெரும்பாலும் ஊருக்குத் திரும்பிவந்த பெண்ணின் 'கெட்டுப்போன' கதையாகவே வருகின்றன. அவள் திரும்பி வர மறுத்த மாலைகளைப் பற்றி எவரேனும் எழுதினால் நான் முதலில் படிப்பேன்.